ஐந்து மணிக்குள் ஒரு கையெழுத்து

"தாக் போலே, அண்ணே! கார்டு இல்லாம உள்ள விட முடியாது!"

காவலாளி இரண்டு கைகளையும் விரித்துக் கண்ணாடிக் கதவை மறித்தார். அவருடைய இடது கைக்குக் கீழே குனிந்து ஓடிவிடலாமா என்று மகேந்திரன் ஒரு கணம் யோசித்தான். தோளில் இரண்டு கேமரா, முதுகில் பை. நடக்காது.

மணி ஒன்பது நாற்பது. ஒன்பது ஐம்பதுக்குத் தாலி.

"பொண்ணு வீட்டுல எங்களத்தான் புக் பண்ணியிருக்காங்க. வேணும்னா பொண்ணோட அப்பாவக் கூப்பிட்டுக் கேளுங்க லா!"

"அவுங்க புக் பண்ணது சரி. மண்டபத்து ரூலு வேற. இந்த மாசத்துலேர்ந்து படக்காரங்க சங்கத்து கார்டு போட்டவங்கதான் உள்ள படம் எடுக்கணும். ஒட்டியிருக்கு, படிச்சிக்குங்க."

ஒட்டியிருந்தது. மூன்று மொழியில், சிவப்பு எழுத்தில்.

மகேந்திரன் படிக்க நிற்கவில்லை. மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினான். ஈப்போவில் அவன் கால்படாத கல்யாண மண்டபம் கிடையாது; ஒவ்வொன்றிலும் சமையற்கட்டுக்கு ஒரு வழி உண்டு என்பது அவனுக்குத் தெரியும். கார் நிறுத்துமிடத்தைத் தாண்டும்போது கத்தினான்.

"பிரமிளா! பின்பக்கம் வா, சீக்கிரம்!"

அவன் மனைவி பிரமிளா காருக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காதில் ஃபோன். யாரோ புக்கிங் ஆள் போலிருக்கிறது. திரும்பாமலே ஒரு கையை மட்டும் தூக்கி, போங்க போங்க என்று அசைத்தாள்.

கால்வாயைத் தாண்டிக் குதித்தான். சமையற்கட்டில் ஆவி. ஆளுயரக் கரண்டியோடு ஒரு பெரியவர் வழிமறித்தார்.

"ஏய்! காலுல சப்பாத்தோட வாரியே! நீ படம் எடுக்கிறவனா, பாத்திரம் திருட வந்தவனா?"

"படம்தான் மாமா! தாலி கட்டப் போறாங்க!"

"அப்ப ஓடு லா! சாம்பார்ல விழுந்துறாத!"

ஓடினான். உள்கதவைத் தள்ளியவன் அப்படியே நின்றான்.

கதவுக்கு அந்தப் பக்கம் பெர்னார்ட் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை மீசை, கழுத்தில் சிவப்பு நாடாவில் அட்டை. பேராக் படக்கலைஞர் சங்கத்தின் செயலாளர். புது விதியின் முதல் ஞாயிறு என்பதால் சோதனைக்கு அவரே வந்திருந்தார்.

"நெனச்சேன். நீ குசினி வழியாத்தான் வருவன்னு நெனச்சேன், மகேன்."

"பெர்னார்ட் அண்ணே, அஞ்சு நிமிசம்தான் இருக்கு. பொண்ணு வாழ்க்கையில இது ஒரு தடவதான் நடக்கும்."

"அது அவளுக்கு. உனக்கு நான் மூணு மாசமா மெசேஜ் அனுப்புறேன். சேரு சேருன்னு. பதிலே இல்ல."

மேளக்காரர் தவிலைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பெர்னார்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு விருந்தினர் அட்டையை எடுத்தார். மகேந்திரன் கை நீட்டியபோது அவர் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னைக்கி சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கமிட்டி, என் ஸ்டூடியோ மாடியில. பூர்த்தி பண்ண பாரத்தோட நீ வரணும். இன்னைக்கி விட்டா அடுத்த வருசம்தான் ஆள் எடுப்போம். வரலன்னா இதுதான் நீ இந்த ஊர்ல எடுக்கிற கடைசிக் கல்யாணம். சரியா?"

"வாரேன்."

"சத்தியமா?"

"வாரேன் லாண்ணே!"

அட்டை கைக்கு வந்தது. கெட்டிமேளம் தொடங்கிய நொடியில் மகேந்திரன் மணவறைக்கு முன் முட்டி போட்டிருந்தான். யாரோ ஒரு சித்தப்பாவின் கைப்பேசி குறுக்கே நீண்டது, முழங்கையால் ஒதுக்கினான். மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் கயிறு, பெண்ணின் குனிந்த நெற்றி. பிடித்துவிட்டான்.

ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டிய படம் விழவில்லை. அது பிரமிளாவின் இடம். ஒன்பது வருடமாக எந்தக் கல்யாணத்திலும் அந்த இடம் காலியாக இருந்ததில்லை.

பதினோரு மணிக்கு அவன் வெளியே வந்து தேடினான். பிரமிளா காருக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"என்னாச்சு? பொண்ணோட அக்காமாருங்க உன்னத்தான் கேக்குறாங்க. உள்ள வா."

"தலைவலி. நான் வரல. நீங்களே முடிச்சிருங்க."

"சாப்பிடவாவது வா."

"வேணாங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

ஜெலாப்பாங்கில், லாரிப் பட்டறைகள் இருக்கும் தெருவின் மாடியில் அவர்களுடைய ஸ்டூடியோ. மதியம் இரண்டு மணிக்கு மேசைமேல் சங்கத்தின் விண்ணப்பப் பாரத்தை விரித்தார்கள்.

முதல் ஆறு கேள்விகளில் ஒன்றுமில்லை. பெயர், அடையாளக் கார்டு எண், கேமரா விவரம், எத்தனை வருட அனுபவம். சிக்கல் ஏழாவதில் இருந்தது. அந்த ஒரு கேள்விக்காகத்தான் மூன்று மாதமாக மகேந்திரன் பெர்னார்டின் மெசேஜுகளைத் திறக்காமல் வைத்திருந்தான்.

'மங்கல நிகழ்ச்சிகளைப் படம் எடுக்கும் உறுப்பினர் துக்க வீட்டில் படம் எடுக்கமாட்டார். அது சொந்த உறவினர் வீடாயினும் சரி. இதற்கு உடன்படுகிறேன்.'

கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

இந்த விதி வந்த கதை ஊருக்கே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வரவேற்பில், மணமக்களின் படங்களைத் திரையில் ஓட்டினார்கள். மாலை மாற்றும் படம், அம்மி மிதிக்கும் படம், அடுத்ததாகச் சவப்பெட்டியில் ஒரு கிழவர். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு. படம் எடுத்தவன் முந்தின நாள் சாவு வீட்டில் போட்ட மெமரி கார்டைத் துடைக்காமல் கல்யாணத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். மாப்பிள்ளையின் அம்மா மேடையிலேயே மயங்கி விழுந்தார். அன்று முதல் மண்டபக்காரர்களும் கோயில்காரர்களும் ஒரே குரலில் கேட்டார்கள்: சாவுக்குப் போகிற கேமரா எங்கள் மணவறைக்கு வரக் கூடாது.

அந்த மெமரி கார்டுக்காரன் பெயர் கோலின். பெர்னார்டின் சொந்த அக்காள் மகன். பெர்னார்டே அவனை வெளியேற்றினார்.

மகேந்திரனும் சாவு வீட்டுப் படம் எடுக்கிறவன்தான். யாருக்கும் தெரியாமல். அதற்குத் தனிக் கேமரா, தனி மெமரி கார்டு, தனி ஃபோன் நம்பர். படத்தின் மூலையில் பெயர் போடமாட்டான். சவப்பெட்டிக் கடைக்காரர்கள் வாய்மொழியாக அந்த நம்பரைக் கொடுப்பார்கள். பழைய ரப்பர் தோட்டங்கள், இப்போது எண்ணெய்க்காகச் செம்பனை நிற்கும் இடங்கள், அங்கே மிச்சம் இருக்கும் நாலைந்து வீடுகள். அங்கிருந்துதான் அழைப்பு வரும்.

போனால் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. ஃபிளாஷ் போடக் கூடாது, நெற்றிக்காசு மின்னும். பெட்டியின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். கேமராவைப் பார்க்கச் சொல்லக் கூடாது. முகத்தைப் பாருங்க என்று சொல்ல வேண்டும். மூத்தவர் தலைமாட்டில். பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பியை எதிரெதிரே நிறுத்திவிட்டால், படத்தில் இருவரும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள்.

"பத்து காஜா ஊரு காளியம்மா ஃபோன் பண்ணாங்கல்ல, போன மாசம்?" என்றான் மகேந்திரன். "ஆறு புள்ளைங்க. ரெண்டு இங்க, ஒண்ணு ஜொகூர், ரெண்டு சிங்கப்பூர், ஒண்ணு எங்க இருக்குன்னே தெரியாது. எந்தக் கல்யாணத்துக்கும் ஆறும் ஒண்ணா வரல. அப்பன் பொட்டியச் சுத்தித்தான் வந்து நின்னுச்சுங்க. ஹால்ல மாட்டியிருக்காங்களாம் அந்தப் படத்த. அத எடுக்க வேற எவன் போவான்? நாம விட்டா செல்ஃபோன்ல எடுப்பானுங்க, பாதிப் பேருக்குத் தல இருக்காது."

பிரமிளா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"வெளக்கு ஏத்தல?" என்று கேட்டான். மதியம் ஸ்டூடியோவைத் திறந்ததும் சரஸ்வதி படத்துக்கு விளக்கேற்றுவது அவள்தான்.

"நீங்க ஏத்துங்க."

ஏற்றினான். திரும்பியபோது அவள் பாரத்தைக் கையில் எடுத்து ஏழாவது கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"கையெழுத்துப் போடுங்க," என்றாள்.

மகேந்திரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சொன்ன?"

"சங்கத்துல சேருங்க. இன்னைக்கே."

"ஏய், நேத்து என்ன சொன்ன நீ? 'சங்கமும் வேணாம், மங்கமும் வேணாம், நம்ம கெர்ஜா, நம்ம வேலய நாம பார்ப்போம்'னு சொன்னியா இல்லியா?"

"நேத்து சொன்னேன். இன்னைக்கி மண்டபத்துல மறிச்சிட்டான்ல? இந்த வருசத்துக்கு இன்னும் பதினோரு கல்யாணம் இருக்கு. பதினொண்ணுக்கும் குசினி வழியா ஓடுவீங்களா?"

"அதுக்காக..."

"நாம ரெண்டே பேரு. திடீர்னு நம்மால போக முடியாம ஆயிருச்சுன்னா யார் இருக்கா? சங்கத்துல இருந்தா பதில் ஆள் அனுப்புவாங்க. கஸ்டமர் நம்மகிட்டயே இருப்பாங்க. அடுத்த வாரம் மட்டும் மூணு கல்யாணம்."

"எதுக்கு முடியாம ஆவுது? நல்லாத்தானே இருக்கோம்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஸ்டூடியோ தொலைபேசி அடித்தது. மகேந்திரன் கை நீட்டுவதற்குள் பிரமிளா பாய்ந்து எடுத்தாள். இரண்டு விநாடி கேட்டாள். வைத்துவிட்டாள்.

"யாரு?"

"ராங் நம்பர்."

"என் ஃபோன் எங்க?"

"சார்ஜ் இல்ல. கார்ல போட்டிருக்கேன்."

மகேந்திரன் நாற்காலியில் விழுந்தான். மண்டை சூடாகியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு இரகசியமாகத் தொடரலாம். கோலினும் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருப்பான். போடாமல் விட்டால் மண்டபங்கள் போச்சு.

"பெரியண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேக்குறேன்," என்றான் கடைசியில். பெரியண்ணன் சன்னாசி ஆயர் தாவாரில் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். எதைக் கேட்டாலும் முதலில் திட்டுவார். திட்டு வாங்கினால் மகேந்திரனுக்குப் புத்தி தெளியும். "உன் ஃபோனக் குடு. அவரு நம்பரு அதுலதான் இருக்கு."

பிரமிளா ஃபோனைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"குடு லா."

"தோட்டத்துக்குள்ள லைன் கெடைக்காது."

"ஞாயித்துக்கெழம எந்தத் தோட்டம்?"

"எப்பப் பார்த்தாலும் அண்ணன், அண்ணன்!" அவள் குரல் உடைந்தது. "உங்க குடும்பத்துக்கு எது நல்லதுன்னு நான் சொன்னாக் கேக்க மாட்டீங்களா? ஒரே ஒரு தடவ நான் சொல்றதக் கேளுங்க. ஒரே தடவ!"

ஒன்பது வருடத்தில் அவள் இப்படிக் கெஞ்சியதில்லை. சண்டை போடுவாள், கிண்டல் அடிப்பாள், சட்டியைப் போட்டு உடைப்பாள். கெஞ்சமாட்டாள்.

மணி நாலே கால்.

மகேந்திரன் பாரத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். ஏழாவது கேள்விக்குக் கீழே கோடு இன்னும் காலியாகவே இருந்தது.

*

பெர்னார்டின் மாடியில் ஏர்கண்டிஷன் குளிர். நீள மேசையைச் சுற்றி ஐந்து பேர், நடுவில் பெர்னார்ட், பக்கத்தில் ரப்பர் முத்திரை. பிரமிளா காரிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

பெர்னார்ட் மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மகேந்திரனை மட்டும் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்தினார்.

"கையெழுத்துப் போடல."

"இன்னும் போடலண்ணே."

"ஏன்னு எனக்குத் தெரியும்."

மகேந்திரன் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"உன்னோட ரெண்டாவது நம்பர் எனக்கு ஒரு வருசமாத் தெரியும், மகேன். சவப்பெட்டிக் கடைக்காரங்க எனக்கும் கூட்டாளிங்கதானே? நான் எவன்கிட்டயும் சொல்லல."

"அப்ப ஏண்ணே என்ன வரச் சொன்னீங்க?"

"நீ நல்லா எடுக்குற. அதான்." பெர்னார்ட் மீசையைத் தடவினார். "எங்க சர்ச்சுல சாவுக்குப் படம் எடுக்காட்டித்தான் கோவிச்சிக்குவாங்க. எனக்கு இந்தத் தீட்டு கீட்டெல்லாம் கெடையாது. ஆனா மண்டபம் என்னோடது இல்ல. கோலின வெளியாக்குனேன். எங்கக்கா இன்னைக்கி வரைக்கும் என்கூடப் பேசல. உனக்கு மட்டும் வளைச்சா, நாளைக்கி அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"சாவு வீட்டுல எடுக்கிறதுக்கு வேற யாரும் இல்லண்ணே. அந்தத் தோட்டத்து சனங்களுக்கு."

"தெரியும்."

"சொந்தக்காரங்க வீடா இருந்தாலும் எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க. அது கொஞ்சம் அதிகம் இல்லியா?"

"ஒரு ஓட்ட விட்டா எல்லாரும் சொந்தக்காரங்களா ஆயிருவானுங்க, தம்பி."

மகேந்திரன் சன்னலைப் பார்த்தான். கீழே கார் தெரிந்தது. பிரமிளா ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்திருந்தாள். அந்த முதுகு குலுங்குகிறதா, இல்லை கண்ணாடியின் கோளாறா என்று தெரியவில்லை.

அவளுக்கு என்னவோ நடந்திருக்கிறது. அவளிடம் கேட்கலாம். ஆனால் முதலில் இதை முடித்துவிட்டு அவளிடம் போக வேண்டும். வெறுங்கையோடு போய் அவள் முன்னால் நிற்க அவனுக்குத் தைரியம் இல்லை.

பேனாவைத் திறந்தான். கோட்டின் மேல் பெயர் விழுந்தது. வழக்கமான கையெழுத்துத்தான், கடைசிச் சுழி மட்டும் நழுவிக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

பெர்னார்ட் உள்ளங்கையை நீட்டினார்.

"சிம்."

"அண்ணே?"

"ரெண்டாவது நம்பரு. இருந்தா அடிக்கும். அடிச்சா நீ போவ. உன்ன எனக்குத் தெரியும்."

மகேந்திரன் பைக்குள் கைவிட்டு அந்தச் சின்ன ஃபோனை எடுத்தான். ஊசியால் குத்தி சிம்மை வெளியே தள்ளினான். பெர்னார்ட் அதை ஒரு உறைக்குள் போட்டுப் பாரத்தோடு சேர்த்துப் பின் அடித்தார்.

"ஒரு நாள் சங்கத்த விட்டுப் போனா வாங்கிக்க."

நாலு ஐம்பத்தாறுக்கு முத்திரை விழுந்தது. ஐந்து பேரும் எழுந்து கை கொடுத்தார்கள். ஒருவர் தோளில் தட்டி, "இனிமே குசினி வழியா வராத மச்சான்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மகேந்திரனும் சிரித்துவைத்தான்.

*

அவன் காரில் ஏறியபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"போட்டாச்சா?"

"ஆச்சு."

"முத்திர?"

"குத்தியாச்சு. சிம்மையும் புடுங்கிக்கிட்டாரு. இனிமே எவன் செத்தாலும் எனக்குச் சம்பந்தம் இல்ல. போதுமா?"

பிரமிளா வண்டியை எடுத்தாள். வேகமாக ஓட்டினாள். ஜெலாப்பாங்குக்குத் திரும்ப வேண்டிய சாலை விளக்கில் திரும்பவில்லை. லுமுட் என்று எழுதிய பச்சைப் பலகை தலைக்கு மேல் கடந்து போனது.

"எங்க போற?"

அவள் இன்னும் வேகத்தைக் கூட்டினாள்.

"பிரமிளா, வீட்டுக்கு இந்த வழியா?"

"ஆயர் தாவாருக்கு."

"அண்ணன் வீட்டுக்கா? இப்ப எதுக்கு? ஃபோன்லயே திட்டு வாங்கியிருப்பேன்ல?" சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அவளுடைய கை விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்துப் போயிருந்தன.

வண்டியைச் சாலை ஓரத்தில் நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு லாரி காற்றை அறைந்துகொண்டு போனது.

"கேள்விப்பட்டாத்தாங்க தீட்டு," என்றாள். அவனைப் பார்க்காமல் நேரே சாலையைப் பார்த்துப் பேசினாள். "நீங்க கேள்விப்படாத வரைக்கும் மணவறையில நிக்கலாம். வெளக்கு ஏத்தலாம். கையெழுத்துப் போடலாம். நான் கேட்டுட்டேன். அதான் மண்டபத்துக்குள்ள காலு வைக்கல. கேட்டிருந்தா நீங்க தாலிய விட்டுட்டு ஓடியிருப்பீங்க. பதினாறு நாளுக்கு எந்தக் கல்யாணத்துக்கும் போக முடியாது. சங்கம் பதில் ஆள் அனுப்பாட்டி அடுத்த வாரத்து மூணும் போயிருக்கும். கமிட்டியும் இன்னைக்கி விட்டா அடுத்த வருசம்..."

"யாரு?" என்றான் மகேந்திரன். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "பிரமிளா, யாரு?"

"ஒம்பது முப்பத்தஞ்சுக்கு உங்க அண்ணி கலாதேவி அக்கா கூப்பிட்டாங்க. பல்லு வெளக்கிட்டு நின்னவரு அப்படியே சாஞ்சிட்டாராம். உங்க பெரியண்ணன் போயிட்டாருங்க." அவள் இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். "புள்ளைங்க அஞ்சு பேரும் வந்து சேந்துட்டாங்க. படத்த நீங்கதான் எடுக்கணும்னு பொட்டிய மூடாம வெச்சிருக்காங்க."